அத்தியாயம் 9: மரெம்மாவில் ஒரு வாரம் – காலையில் சேணம், மாலையில் அடுப்பு

பகலில் குதிரையேற்றம், மாலையில் சமையல் வகுப்பு என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் நிறைய உண்டு. அவை இரண்டு வகை. முதல் வகையில் விடுதிக்காரருக்குச் சொந்தக் குதிரை கிடையாது. பக்கத்து லாயத்திலிருந்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தருவார். சமையல் சொல்லித்தருபவரும் நகரத்திலிருந்து வந்து இரண்டு மணி நேரம் செய்துகாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டாம் வகையில் குதிரை, ஆட்டு மந்தை, ஒலிவத் தோப்பு, காய்கறிப் பாத்தி, அடுப்பு எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும். காலையில் நீங்கள் குதிரைமேல் கடந்துபோன தோப்பின் எண்ணெயில்தான் மாலையில் உங்கள் வெங்காயம் வதங்கும். இந்த அத்தியாயம் இரண்டாம் வகையைப் பற்றியது. அவ்வளவு பணமும் விடுப்பும் செலவழித்துப் போகிறவர்கள் முதல் வகையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

இரண்டாம் வகை இடங்களை இத்தாலியில் அக்ரிதுரிஸ்மோ என்பார்கள். இதற்கென்று 1985-இல் தனிச் சட்டமே வந்தது. 2006-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. விவசாயம்தான் முதல் வேலையாக இருக்க வேண்டும், விருந்தினரைத் தங்கவைப்பது அதற்குத் துணைத்தொழில்தான், பரிமாறும் உணவில் கணிசமான பங்கு சொந்த நிலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பவை அந்தச் சட்டத்தின் சாரம். பெயர்ப்பலகையில் அக்ரிதுரிஸ்மோ என்று எழுதியிருந்தால் பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதியை நீங்கள்தான் கேள்வி கேட்டு முடிக்க வேண்டும்.

ஏன் மரெம்மா

டஸ்கனி என்றதும் ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி மலைகளையே பலரும் நினைப்பார்கள். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கிடையே சாலைகளும் வேலிகளும் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். குதிரையைத் தாராளமாக நடக்கவும் ஓடவும் விடக்கூடிய வெளி வேண்டுமென்றால் தெற்கே க்ரொஸ்ஸேத்தோ மாவட்டத்துக்கு வாருங்கள். திர்ரேனியக் கடலோரத்தில் பரந்து கிடக்கும் இந்தப் பகுதிதான் மரெம்மா.

ஒரு காலத்தில் இது சதுப்பு நிலம், மலேரியாக் காடு. கோடை வந்தால் க்ரொஸ்ஸேத்தோவின் அரசு அலுவலகங்கள் எல்லாம் மேட்டில் இருக்கும் ஸ்கன்ஸானோ ஊருக்கு இடம்பெயர்ந்துவிடும். இந்த ஏற்பாடு 1897 வரை நீடித்தது. டஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்டு 1828-இல் சதுப்பை வடிக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். அது முடிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1950-இல் வந்த நிலச் சீர்திருத்தத்தில் பெரும்பண்ணைகள் உடைந்து சிறு விவசாயிகளின் கைக்கு நிலம் வந்தது. நீங்கள் தங்கப்போகும் பண்ணைவீடு அப்படிப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் எழுந்த வீடாகவே இருக்கலாம். மலேரியா இப்போது இல்லை. இத்தாலி முழுவதும் அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1970-இல் அறிவித்தது. கொசு மட்டும் இருக்கிறது. களிம்பு எடுத்துப்போங்கள்.

சதுப்பு நிலத்தில் மேய்ந்தவை நீண்டு வளைந்த கொம்புள்ள சாம்பல்நிற மரெம்மானா மாடுகள். அவற்றைக் குதிரைமேல் இருந்து மேய்த்தவர்கள் பூத்தெரிகள். ஒருவராக இருந்தால் பூத்தெரோ. கையில் நீண்ட தடி, எலும்பு பருத்த உறுதியான மரெம்மானோ குதிரை, முன்னும் பின்னும் உயர்ந்த அகலமான சேணம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காக உருவான சேணம் அது. 1890-இல் அமெரிக்காவின் பஃபலோ பில் தன் குழுவோடு ரோமுக்கு வந்தபோது அவருடைய கௌபாய்களுக்கும் பூத்தெரிகளுக்கும் குதிரையடக்கும் போட்டி நடந்தது. அதில் இறங்கியவர்கள் இன்னும் தெற்கே லாத்ஸியோ சதுப்பு நிலத்துப் பூத்தெரிகள். ஆனால் தொழிலும் வழக்கமும் ஒன்றுதான்.

இன்றும் அல்பெரேஸே ஊரில் அரசுப் பண்ணையில் பூத்தெரிகள் வேலை பார்க்கிறார்கள். 1975-இல் உருவான மரெம்மா பிராந்தியப் பூங்காவை ஒட்டிய இடம் அது. உச்செல்லீனா குன்றுகள், ஒம்ப்ரோனே ஆற்றின் முகத்துவாரம், குடைபோல் விரிந்த பைன் காடு, பழைய காவல் கோபுரங்கள் எல்லாம் அங்கே ஒரே பகலில் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. குதிரையேற்றம் நன்றாகக் கைவந்தவர்கள் பூத்தெரிகளோடு காலை வேலைக்குச் சேர்ந்து போக ஏற்பாடு உண்டு. புதியவர்கள் அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். மந்தைக்கு நடுவே நீங்கள் தடுமாறினால் அது உங்களோடு முடியாது. மாடுகள் கலையும், வேலை கெடும்.

பண்ணையிடம் கேட்க வேண்டியவை

முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: குதிரைகள் உங்களுடையவையா? எத்தனை? ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆள் சுமக்கும், வாரத்தில் எத்தனை நாள் அதற்கு ஓய்வு? நல்ல பண்ணைக்காரர் இந்தக் கேள்வியை வரவேற்பார். கோபப்பட்டால் வேறிடம் பாருங்கள்.

வழிகாட்டியின் தகுதியைக் கேளுங்கள். இத்தாலியில் குதிரைப் பயணச் சுற்றுலாவுக்கென்றே ஃபித்தெத்ரெக்-ஆந்தே என்ற கூட்டமைப்பு இருக்கிறது; வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கிறது. போட்டிக் குதிரையேற்றத்துக்கு ஃபீஸே என்ற கூட்டமைப்பு. இரண்டில் ஒன்றன் சான்று இருந்தால் போதும்.

எடை வரம்பைக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. 500 கிலோ குதிரை என்றால் மொத்தம் 100 கிலோ. சேணமும் மற்றவையும் 10 கிலோவுக்கு மேல் போய்விடும்; மிஞ்சுவது 85, 90 கிலோ. அதனால்தான் பெரும்பாலான இடங்கள் அந்த அளவில் நிறுத்திவிடுகின்றன. உங்கள் எடையைக் குறைத்துச் சொன்னால் தண்டனை உங்களுக்கு அல்ல, குதிரையின் முதுகெலும்புக்கு.

சமையலைப் பற்றிய கேள்விகள் வேறு. வகுப்பில் எத்தனை பேர்? எட்டுப் பேருக்கு மேல் என்றால் மாவில் கை வைக்கும் நேரம் குறையும். நாம் சமைத்ததையே இரவு சாப்பிடுவோமா? சொல்லித்தருபவர் எந்த மொழியில் பேசுவார்? சந்தைக்கோ பாலாடைக்கட்டிப் பட்டறைக்கோ அழைத்துப்போவார்களா? வாரக் கட்டணத்தில் மதிய உணவு, மது, ரயில் நிலையத்திலிருந்து வண்டி ஆகியவை சேர்ந்தவையா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஊராட்சிகள் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு என்று தங்கும் வரி வசூலிக்கின்றன; அது பெரும்பாலும் கடைசி நாளில் தனியாகக் கேட்கப்படும்.

கிளம்புவதற்கு முன்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்திப்போக, மேலே உட்கார்ந்து வந்த அனுபவத்தைக் குதிரையேற்றம் என்று எண்ணிக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே குதிரையை நடத்தியது அவர். இங்கே நீங்கள்தான் கடிவாளம் பிடிக்க வேண்டும். சென்னை, கோவை, ஆரோவில் பக்கங்களில் முறையாகச் சொல்லித்தரும் பள்ளிகள் இருக்கின்றன. பயணத்துக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே சேர்ந்து, குறைந்தது பத்துப் பதினைந்து வகுப்புகளாவது முடித்துவிடுங்கள். நடையில் குதிரையை நிறுத்தவும் திருப்பவும் தெரிய வேண்டும். ட்ராட் என்னும் துள்ளோட்டத்தில் அதன் தாளத்துக்கு எழுந்து உட்காரத் தெரிய வேண்டும். கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் வந்தால் நல்லது, வராவிட்டாலும் மெதுவான குழுவில் சேரலாம்.

பண்ணைக்கு உங்கள் தகுதியை எழுதும்போது உள்ளதை எழுதுங்கள். அந்த வரியை வைத்துத்தான் அவர்கள் உங்களுக்குக் குதிரை ஒதுக்குகிறார்கள். "எல்லாம் தெரியும்" என்று எழுதியவருக்கு வேகமான இளங்குதிரை வரும். குதிரைப் பயணங்களில் ஏற்படும் பல விபத்துகள் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன.

தொடையும் இடுப்பும் தயாராக இருக்க வேண்டும். நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் சேணத்தில் இருப்பது எளிதல்ல. தினமும் படி ஏறுங்கள், தோப்புக்கரணம் போடுங்கள். இரண்டே மாதத்தில் பலன் தெரியும்.

உடையில் முக்கியமானது காலணி. கணுக்காலை மூட வேண்டும், அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குதிகால் இருக்க வேண்டும். அந்தக் குதிகால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நழுவிப் போகாமல் தடுக்கிறது. விழுந்தவர் அங்கவடியில் கால் சிக்கி இழுபடுவதுதான் குதிரையேற்றத்தின் மிக மோசமான விபத்து. ஆகவே ஓட்டப்பயிற்சிக் காலணி வேண்டாம். முழுக்கால் உடை உள்தையல் உறுத்தாததாக இருக்கட்டும். தலைக்கவசம் பண்ணையே தரும். அளவு சரியில்லாத கவசம் இருந்தும் பயனில்லை என்பதால் முடிந்தால் சொந்தமாக வாங்கிப்போங்கள். ஐரோப்பியத் தரக்குறியீடு உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். படபடக்கும் மழைக்கோட்டு குதிரையை மிரளவைக்கும். உடம்போடு ஒட்டிய சட்டையே நல்லது.

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பாருங்கள். லாயத்து மண்ணில் அந்தக் கிருமி இயல்பாக இருக்கும். மாலையில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் தேவை.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் இருக்கும்போது என்பது கடைசிக் கெடு, அதுவரை காத்திருக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கேதான் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் குதிரையேற்றம் சேராது. சாகச விளையாட்டு என்று விலக்கிவைத்திருப்பார்கள். பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்து, தேவையானால் கூடுதல் தொகை கட்டி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா கிடைத்துவிட்டது என்பதற்காகக் காப்பீடு சரியாக இருக்கிறது என்று பொருளல்ல.

எப்போது போகலாம்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை முதல் தேர்வு. புல் பச்சையாக இருக்கும், ஆட்டுப்பால் நிறையக் கிடைக்கும், ரிக்கோத்தா என்னும் மென்பாலாடைக்கட்டி அன்றன்று காய்ச்சியதாக மேசைக்கு வரும். ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம் என்பேன். வெயில் நமக்குப் பழக்கம்தான், ஆனால் குதிரையை மொய்க்கும் பெரிய ஈக்கள் அதை நிற்கவிடாது. கோடையில் விடியற்காலையிலோ சாயங்காலத்திலோ மட்டுமே சேணம் பூட்டுவார்கள். குளிக்க ஆட்கள் கூடும் மாதங்களில் கடற்கரையில் குதிரைக்குப் பெரும்பாலும் அனுமதியும் கிடையாது. ஆகஸ்டு 15 தேசிய விடுமுறை. அதை ஒட்டிய வாரங்களில் இத்தாலியே கடற்கரையில் இருக்கும், விலையும் ஏறிவிடும். சியெனாவையும் பார்க்க நினைப்பவர்கள் ஜூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய பாலியோ குதிரைப் பந்தய நாட்களில் அறை கிடைப்பது கடினம் என்பதை நினைவில் வையுங்கள்.

செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாம் தேர்வு. திராட்சை அறுவடை, பிறகு ஒலிவ அறுவடை, செக்கிலிருந்து வந்த கையோடு தொண்டையைக் காரமாக உரசும் பச்சை எண்ணெய். சமையலுக்காகவே போகிறவர்களுக்கு அக்டோபர் கடைசியைச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி 31 வரை இத்தாலியில் வேட்டைக் காலம். காட்டுப்பன்றி வேட்டையில் துப்பாக்கியோடும் நாயோடும் குழுவாக இறங்குவார்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை என்று சட்டமே சொல்வதால், நல்ல வழிகாட்டி நீண்ட காட்டுப் பயணத்தை அந்த இரண்டு நாட்களுக்கு ஒதுக்குவார். உங்கள் பண்ணை எப்படித் திட்டமிடுகிறது என்று கேளுங்கள்.

லாயத்தில் ஒரு காலை

உங்களுக்கு ஒதுக்கிய குதிரையை நீங்களே தேய்த்துச் சேணம் பூட்ட வேண்டும் என்று சொல்லும் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அரைமணி நேரத்தில் குதிரை உங்கள் மணத்தையும் குரலையும் தெரிந்துகொள்கிறது. நீங்கள் அதன் உடம்பைத் தெரிந்துகொள்கிறீர்கள். முதுகில் சேணம் படும் இடத்தில் புண்ணோ, கூசிச் சுருங்கும் தசையோ இருக்கிறதா பாருங்கள். குளம்பைத் தூக்கி மண்ணையும் கல்லையும் கொக்கியால் எடுங்கள். புண்ணோ வலியோ இருந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மரெம்மா முறையில் கடிவாளத்தை ஒரு கையால் பிடிக்கிறார்கள், மறு கை தடிக்காக. அங்கவடி நீளமாக இருக்கும், கால் ஏறக்குறைய நேராகத் தொங்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் கற்பது பெரும்பாலும் ஆங்கிலேயப் பாணி. இரண்டு கைக் கடிவாளம், குட்டை அங்கவடி. மாறிக்கொள்ள ஒரு நாள் பிடிக்கும். வழிகாட்டியின் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொற்கள் பாஸ்ஸோ, த்ரோத்தோ, கலோப்போ. முறையே நடை, ட்ராட், கேன்டர். தல்லோனி ஜூ என்று கத்தினால் குதிகாலைத் தாழ்த்தச் சொல்கிறார்.

முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு குதிரை நீளம் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் முன்குதிரை உதைக்கும், உதை உங்கள் முழங்காலில் விழலாம். ஏற்றத்தில் உடம்பை முன்னால் கொண்டுவந்து, பிடரியைப் பிடித்து, கடிவாளத்தைத் தளர்த்துங்கள். குதிரை தலையையும் கழுத்தையும் நீட்டித்தான் சமநிலை காக்கிறது. பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தால் அதன் வாயும் முதுகும் ஒருசேர நோகும். இதை உலகக் குதிரைப்படைகளுக்கு உணர்த்தியவர் இந்த மாநிலத்துக்காரர், லிவோர்னோவில் 1868-இல் பிறந்த ஃபெதெரீக்கோ கப்ரில்லி. தடைதாண்டும்போது வீரன் பின்னால் சாய வேண்டும் என்றிருந்த பழைய பாடத்தை மாற்றி, குதிரையோடு முன்னால் போகும் இருக்கையை வகுத்தார். 1907-இல் இறந்துவிட்டார். இன்று தடைதாண்டும் போட்டிகளில் நாம் காண்பது அவருடைய இருக்கைதான்.

மதிய உணவோடு ஸ்கன்ஸானோவின் மொரெல்லீனோ மதுவை ஊற்றுவார்கள். மாலையில் மீண்டும் சேணம் ஏறுவதாக இருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மது இரவுக்கும் இருக்கும்.

அடுப்படியில்

சைவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். டஸ்கனியின் கிராமச் சமையல் ஏழைகளின் சமையல். ரொட்டி, பயறு, கீரை, தக்காளி, எண்ணெய் இவையே அடிப்படை. சைவருக்கு இங்கே பட்டினி இல்லை. ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்பது இத்தாலிய அடுப்படியில் "இறைச்சித் துண்டு வேண்டாம்" என்று மட்டுமே விளங்கிக்கொள்ளப்படலாம். காய்கறி சூப்பின் அடியில் பன்றிக்கொழுப்பு வதங்கியிருக்கும், சாதத்துக்குக் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள், சட்னிபோல் தெரியும் பச்சை விழுதில் நெத்திலி அரைபட்டிருக்கும். சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே – இறைச்சி, மீன், இறைச்சிச்சாறு மூன்றும் வேண்டாம் – என்று மூன்றையும் சொல்லுங்கள். பால்கட்டியிலும் ஒரு சிக்கல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமருந்தில்தான் உறைய வேண்டும் என்பது அதன் விதி. ஆட்டுப்பால் பெக்கொரீனோவில் தாவர உறைமருந்தில் செய்தவையும் கிடைக்கின்றன. பண்ணையில் கேட்டால் சொல்வார்கள். பன்னா கோத்தா இனிப்பில் ஜெலட்டின் இருக்கும்.

முதல் பாடமாகப் பீச்சியைக் கேளுங்கள். முட்டை இல்லாத, கையால் உருட்டிய தடித்த நூல் பாஸ்தா. சியெனா பக்கத்தில் பிறந்து மரெம்மா வரை பரவியது. இயந்திரமும் வேண்டாம், தனித்திறமையும் வேண்டாம். நான்கு பேருக்கு 400 கிராம் '00' என்னும் நைஸான கோதுமை மாவு, ஏறக்குறைய 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. மரப்பலகையில் மாவைக் குவித்து நடுவில் குழி பறித்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, பத்து நிமிடமாவது உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளிப் பிசையுங்கள். எண்ணெய் தடவி மூடி அரைமணி நேரம் விடுங்கள். பசைத்தன்மை தளர்ந்த பிறகுதான் மாவு நீளும். அவசரப்பட்டு உருட்டினால் ரப்பர்போல் பின்வாங்கும். பிறகு அரை அங்குலத் தடிமனுக்குத் தேய்த்து, பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே உருட்டி நீட்டுங்கள். பலகையில் மாவு தூவாதீர்கள், வழுக்கிக்கொண்டு உருளாது. உருட்டி முடித்த பின் ரவை தூவிப் பிரித்துப் போடுங்கள்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. கொதிக்கும் தண்ணீரில் உப்பிட்டுப் பீச்சியைப் போட்டால் தடிமனைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு நிமிடம். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசான உறுதி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வடிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பையைக் கொட்டாமல் வையுங்கள். அதில் கரைந்த மாவுச்சத்துதான் எண்ணெயையும் தக்காளியையும் பாஸ்தாவோடு ஒட்டவைக்கும். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தாலே வகுப்புக்குக் கொடுத்த காசு செரித்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பீச்சிக்கு இரண்டு துணை. ஒன்று ஆலியோனே என்னும் பெரிய பூண்டைக் குறைந்த தீயில், நிறம் மாறாமல் எண்ணெயில் கரையும்வரை வேகவைத்து, தக்காளி சேர்த்து அரைமணி நேரம் சுண்டவைத்தது. இன்னொன்று பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தூவுவது. இரண்டிலும் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. முழுச் சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

இரண்டாம் பாடம் மரெம்மாவின் தொர்தெல்லி. இதற்கு முட்டை மாவு. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. உள்ளே ஆட்டுப்பால் ரிக்கோத்தாவும் வேகவைத்துப் பிழிந்த கீரையும், சாதிக்காய்த் துருவலும். ரிக்கோத்தாவை இரவே துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கீரையை நன்றாகப் பிழிய வேண்டும். ஈரம் தங்கினால் கொதிநீரில் ஓரம் பிரிந்து பூரணம் வெளியே வந்துவிடும். வெண்ணெயில் சேஜ் இலையைப் பொரித்து ஊற்றினால் சைவம். இறைச்சிக் குழம்போடும் பரிமாறுவார்கள். காட்டுப்பன்றியை மதுவில் ஊறவைத்துச் சமைப்பதும் இந்த ஊர்ப் பெருமை, அசைவர்கள் கேட்டுச் செய்துபார்க்கலாம்.

மூன்றாவது அக்வாகோத்தா. நான் இதைத்தான் முதலில் வைப்பேன். பூத்தெரிகளும் கரிமூட்டம் போட்டவர்களும் மரம் வெட்டியவர்களும் வெளியில் சமைத்த சாப்பாடு இது. கையிலிருந்த காய்ந்த ரொட்டி, வெங்காயம், காட்டில் கிடைத்த கீரை, தண்ணீர். தக்காளி பின்னால் சேர்ந்தது. நான்கு பேருக்கு மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, இலையோடு சேர்த்த செலரித் தண்டு இரண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு, தாராளமான ஒலிவ எண்ணெயில் அரைமணி நேரம் வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமாகக் கூடாது, குழைய வேண்டும். 400 கிராம் தக்காளியைச் சேர்த்து, ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி இன்னொரு அரைமணி நேரம். கடைசியில் ஆளுக்கொரு முட்டையை உடைத்து சூப்பிலேயே விட்டு, வெள்ளை இறுகியதும் தட்டில் வைத்த பழைய ரொட்டிமேல் ஊற்றுங்கள். பெக்கொரீனோ துருவினால் போதும். டஸ்கனி ரொட்டியில் உப்பு போடுவதில்லை. முதல் நாள் சப்பென்று இருக்கும். இந்தச் சாற்றில் ஊறும்போதும், உப்புக் கரிக்கும் பால்கட்டியோடு கடிக்கும்போதும் அதன் பொருத்தம் புரியும். மூன்று மணி நேரம் குதிரைமேல் இருந்துவிட்டு வந்த உடம்புக்கு இதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. அது யாருக்காக உண்டானது என்பது வயிற்றுக்கே விளங்கும்.

வீட்டுக்கு வந்து செய்ய '00' மாவு கிடைக்காவிட்டால் மூன்று பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு சிரோட்டி ரவை கலந்துகொள்ளுங்கள். பீச்சிக்குப் போதும்.

ஓய்வு நாள்

வாரத்தின் நடுவே ஒரு நாள் குதிரையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். தொடை கெஞ்சும். சத்தூர்னியாவுக்குப் போங்கள், 37.5 டிகிரி வெப்பத்தில் கந்தக ஊற்று நீர் அடுக்கடுக்கான சுண்ணாம்புத் தொட்டிகளில் வழிந்துகொண்டே இருக்கும். முலீனோ அருவிப் பகுதியில் திறந்தவெளியில் கட்டணமில்லாமல் இறங்கலாம். வெள்ளி மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள், கந்தகம் கறுக்கவைத்துவிடும். அங்கிருந்து பித்திலியானோ பக்கம்தான். எரிமலைப் பாறையின் உச்சியில் நிற்கும் ஊர். பழைய யூதக் குடியிருப்பின் அடையாளமாக, தேனும் அக்ரூட் பருப்பும் அடைத்துத் தடிபோல் சுட்ட ஸ்ஃப்ராத்தோ இனிப்பு இன்னும் அங்கே கிடைக்கிறது. சுற்றிலும் எத்ருஸ்கர்கள் பாறையைக் குடைந்து இறக்கிய ஆழ்ந்த பாதைகள். சில பண்ணைகள் அவற்றின் வழியே குதிரையிலும் அழைத்துப்போகின்றன. அப்படியொரு நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து துபாய், தோஹா வழியாக ரோம் ஃபியூமிச்சீனோ வசதி. ரோமிலிருந்து பீசா போகும் கடலோர ரயில் பாதையில் க்ரொஸ்ஸேத்தோ வருகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காகிதத்தில் வாங்கிய வட்டார ரயில் சீட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், தேதியை முன்பே அறிவிப்பார்கள். கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள். நிலையத்திலிருந்து பண்ணைக்குப் பேருந்தை நம்ப வேண்டாம், வண்டி அனுப்பச் சொல்லுங்கள். வந்து இறங்கிய மறுநாளே சேணம் ஏறாமல் ஒரு நாள் தூங்கி எழுந்து ஏறுங்கள். தூக்கம் கெட்ட உடம்பு குதிரைமேல் சமநிலை இழக்கும்.

சிறு பண்ணைகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் இடமிருக்காது, வசந்த வாரங்கள் முதலில் நிரம்பிவிடும். மே மாதம் போக நினைப்பவர்கள் பொங்கலுக்குள் எழுதிவிடுங்கள். உங்கள் எடை, குதிரையேற்றத்தில் உங்களுக்கு உண்மையில் தெரிந்தது, சாப்பிடாத பொருள்கள் ஆகிய மூன்றும் அந்த முதல் கடிதத்திலேயே இருக்கட்டும்.